உள்தாழ்ப்பாள்

சர்ர்ர். டொக். அப்புறம் ஒன்றுமில்லை. இந்த ஒன்றுமில்லையைத்தான் தாங்க முடியவில்லை. வரும்போது அது வெறும் சத்தம், நின்ற பிறகுதான் அதற்குக் கை கால் முளைக்கிறது. மாடிப்படியில்தான், சந்தேகமே இல்லை. இரும்புக் கால் வைத்த எதுவோ தன்னைத்தானே இழுத்துக்கொண்டு ஒரு படி ஏறுகிறது, நிற்கிறது, மறுபடி ஒரு படி. கரண்ட் போய் எவ்வளவு நேரமாகிறதோ. செல்போனில் பார்க்கலாம், பார்த்தால் சார்ஜ் குறையும், குறைந்தால் காலையில் அமலன் கூப்பிடும்போது எடுக்க முடியாது. அவரை நான் இப்போது கூப்பிடவும் முடியாது. கூட்ஸ் வண்டி இன்ஜினில் ஏறிவிட்டால் போனை அணைத்துவிட வேண்டும், அது அவர்கள் வேலையின் விதி, நல்ல விதி, ஊரில் எல்லோருக்கும் நல்லது, எனக்கு மட்டும் இல்லை. விழுப்புரம் ரயில்வே குவார்ட்டர்ஸில் மேல்மாடி. எதிர்வீடு பூட்டிக் கிடக்கிறது, கீழ்வீட்டில் அரசி அக்கா. அதற்கும் கீழே இந்நேரத்துக்கு நாய்கள். பாயில் ஈவா தூங்குகிறாள், கழுத்தெல்லாம் வேர்வை, இரண்டரை வயதுக்கு இவ்வளவு வேர்வை எங்கிருந்து வருகிறதோ, விசிறி விசிறி என் மணிக்கட்டுதான் வலிக்கிறது. கதவு சாத்தியிருக்கிறது. தாழ் போடவில்லை. கதவுக்கு முன்னால் பிளாஸ்டிக் நாற்காலி, அதன்மேல் தண்ணீர்க் கேன், கேன்மேல் அமலனுடைய ஹெல்மெட். திருடன் வந்தால் இதைப் பார்த்துவிட்டு வயிறு வலிக்கச் சிரிப்பான். சிரித்துவிட்டு உள்ளே வருவான்.

தாழ் போட்டுவிட்டால் என்ன? எழுந்து போய், கையை வைத்து, தள்ளினால் முடிந்தது, ஊர் உலகமே அதைச் செய்துவிட்டுத்தான் தூங்குகிறது. மூன்று வாரமாக நான் அதைத் தள்ளியதில்லை. ராத்திரியில் அமலன் போடுவார், நான் திரும்பிப் பார்க்க மாட்டேன், அடுக்களையில் ஏதாவது பாத்திரத்தை உருட்டிக்கொண்டிருப்பேன். பகலில் அதைப் பழைய பனியன் துணியால் இறுக்கிக் கட்டிவைத்துவிடுவேன், மாட்டைக் கட்டுகிற மாதிரி. இன்றைக்கு அவருடைய லீவு தீர்ந்துவிட்டது. சாயங்காலம் ட்யூட்டிச் சாமான் வைத்த லைன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்று, "ஜெஸி, தாழ் போட்டுக்கோ" என்றார். சரி என்றேன். "போட்டுட்டு ஒரு தடவை சொல்லு, வெளியில இருந்து கேட்டுட்டுப் போறேன்" என்றார். "ட்யூட்டிக்கு நேரமாச்சு, கெளம்புங்க" என்று எரிந்து விழுந்தேன். போய்விட்டார். நம்பிப் போனாரா நம்பாமல் போனாரா, அது வேறு இப்போது மண்டைக்குள் சுற்றுகிறது. சர்ர்ர். டொக். கிட்டே வருகிறது.

அன்றைக்கு நல்ல பகல். அதுதான் எனக்கு ஆத்திரம், இருட்டில் நடந்திருந்தால் இருட்டைத் திட்டலாம். வெளிக்கம்பியில் காயப்போட்ட துணியை எடுக்க ஒரே ஒரு நிமிஷம் வெளியே வந்தேன். அடுப்பில் பால். பின்னால் கதவு சாத்திக்கொண்டது, நான் சிரிக்கக்கூடச் செய்தேன், ஈவாவின் குறும்பு என்று நினைத்தேன். அப்புறம் அந்த க்ளக். ரயில்வேக்காரன் எந்தக் காலத்திலோ இடுப்பு உயரத்தில் வைத்த தாழ்ப்பாள், என் இடுப்புக்கு அவள் உச்சந்தலை, கையைத் தூக்கினால் எட்டிவிடும். நான் தினமும் தள்ளுவதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். உள்ளேயிருந்து ஒரு சிரிப்பு. "ஈவா, டார்லிங், ஓப்பன் த டோர்." சிரிப்பு. "ஓப்பன் இட், பேபி. லிஃப்ட் இட் அண்ட் புல்." சிரிப்பு நின்றது. என் குரலில் என்ன இருந்ததோ, அவள் பயந்துவிட்டாள். புல். லிஃப்ட். அவளுக்கு ஜிராஃப் தெரியும், ஆக்டபஸ் தெரியும், அறுகோணத்தைக் காட்டினால் ஹெக்ஸகன் என்று சொல்லி மாமியார் வீட்டையே வாயைப் பிளக்க வைத்தவள். புல் தெரியாது. நான் சொல்லிக் கொடுத்ததில்லை. வாங்கிவைத்த பட அட்டைகளில் அது இல்லை. தாழ்ப்பாளுக்குப் படம் போட்டு எவன் அட்டை விற்கிறான்?

சத்தம் கேட்டு அரசி அக்கா நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு ஏறி வந்தாள். கதவில் வாயை வைத்து, "கண்ணு, அந்தத் தாழ்ப்பாளத் தூக்கி இழுடா செல்லம், தூக்கு, இழு" என்றாள். எவ்வளவு லேசான வார்த்தைகள். தூக்கு, இழு. அதுவும் தெரியாது. ஏனென்றால் மூன்று வயது ஆகிறவரை வீட்டில் தமிழ் கிடையாது என்று சட்டம் போட்டவள் நான். அரசி அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "ஏம்மா, கொயந்தைக்குத் தமிழ் புரியாதா?" அதற்குள் பால் பொங்கி அடுப்பை அணைத்திருக்கிறது, கதவிடுக்கு வழியாக முதலில் தீய்ந்த வாடை, அப்புறம் கேஸ். கேஸ் வாடை வந்த பிறகு நான் என்ன செய்தேன் என்று எனக்கு ஒழுங்காக ஞாபகமில்லை, நகத்தால் கதவைப் பிறாண்டினேன் என்று சொல்கிறார்கள். ஒன்று மட்டும் ஞாபகமிருக்கிறது. உள்ளே அவள் அழுகையை நிறுத்திவிட்டு, விக்கிக்கொண்டே, ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினாள். ஜிராஃப். ஆக்டபஸ். ஆரஞ்ச். ஹெக்ஸகன். அவளுக்குத் தெரிந்ததையெல்லாம். அதைச் சொன்னால் அம்மா வருவாள், கை தட்டுவாள், தூக்கி முத்தம் கொடுப்பாள். சொல்லியும் அம்மா வரவில்லை. மறுபடியும் முதலிலிருந்து சொன்னாள். ஜிராஃப்.

வேண்டாம். இதை நினைக்கக் கூடாது என்று சாயங்காலமே முடிவு செய்தேன். முடிவு செய்கிறதில் எனக்கு ஒரு குறைச்சலும் இல்லை. அரசி அக்காவின் வீட்டுக்காரர் தண்டவாளத்தில் வேலை பார்க்கிறவர், கடப்பாரையோடு வந்தார், இரண்டே நெம்பு, கதவின் ஒரு பக்கம் பிளந்து தாழ்ப்பாள் தெறித்து விழுந்தது, ஓடிப்போய் சிலிண்டரைத் திருகி மூடினார். அவ்வளவுதான், ஒன்றும் ஆகவில்லை. எல்லோரும் இதைத்தான் சொன்னார்கள், ஒன்றும் ஆகலையே, அப்புறம் என்ன. அப்புறம் என்னவா. கதவுக்குப் பலகை அடித்து ஒட்டுப் போட்டு, புதுத் தாழ்ப்பாளை அதே இடத்தில் வைத்துவிட்டார்கள். வேறு இடத்தில் வைத்தால் மரம் தாங்காதாம். நான் அந்த ஒட்டுப் பலகையைப் பார்த்துக்கொண்டேதான் தினமும் சாப்பிடுகிறேன்.

சர்ர்ர். நின்றுவிட்டது. டொக் வரவில்லை. ஏன் வரவில்லை? ஹெய்ல் மேரி, ஃபுல் ஆஃப் க்ரேஸ். ஜெபம் இங்கிலீஷில்தான் வருகிறது எனக்கு, பயம் மட்டும் எப்போதும் தமிழில். கான்வென்ட்டில் ஒரு மரக்கட்டை இருந்தது. தமிழில் பேசி மாட்டுகிறவள் கையில் அதைக் கொடுப்பார்கள், அவள் இன்னொருத்தியைப் பிடித்து அவளிடம் தள்ள வேண்டும், கடைசி மணி அடிக்கும்போது யார் கையில் இருக்கிறதோ அவள் முழங்கால் போட வேண்டும். பன்னிரண்டு வருஷத்தில் ஒரு நாள்கூட அது என் கைக்கு வந்ததில்லை. சிஸ்டர் எமிலியானா அசெம்ப்ளியில் என்னை நிறுத்தி, "லுக் அட் ஜெஸிந்தா" என்றார்கள். இத்தனை வருஷம் அதை மெடல் மாதிரி நெஞ்சில் குத்திக்கொண்டு திரிந்தேன். போன வாரம் துணி துவைக்கும்போது திடீரென்று தோன்றியது, கட்டை என்னிடம் வராததற்குக் காரணம் என் இங்கிலீஷ் இல்லை, நான் யாரோடும் எதுவுமே பேசவில்லை. இன்டர்வெலில் வேப்பமரத்தடியில் தனியாக நின்று டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டிருப்பேன். அதைத்தான் லுக் என்றார்கள். துணியை அப்படியே போட்டுவிட்டு வாளி ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

அமலனையும் அப்படித்தான் ஆக்கிவைத்தேன். தமிழ் மீடியத்தில் படித்து, பரீட்சை எழுதி, இன்ஜின் ஓட்ட வந்தவர். "பாப்பாகிட்ட இங்கிலீஷ்ல மட்டும் பேசுங்க, இல்லன்னா பேசவே வேணாம்" என்றேன். கோபத்தில் சொன்னதுகூட இல்லை, காய் நறுக்கிக்கொண்டே சொன்னேன். அந்த மனுஷன் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார். குட் மார்னிங், குட் நைட், வெரி குட். மூன்றே மூன்றை வைத்துக்கொண்டு ஒன்றரை வருஷம் பெற்ற மகளோடு குடித்தனம் நடத்தியிருக்கிறார். ராத்திரியெல்லாம் இன்ஜினில் உட்கார்ந்துவிட்டு வந்து, அவள் பக்கத்தில் படுத்து, ஒன்றும் பேசாமல் அவள் விரல்களை ஒவ்வொன்றாக நீவிவிடுவார். எனக்கு அது அழகாகத் தெரிந்தது. கதவை உடைத்த அன்று ராத்திரி அவளை மடியில் வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல், "தூக்குன்னா இப்டி" என்று அவளைத் தூக்கினார். "இழுன்னா இப்டி" என்று தன் மீசையை இழுக்கக் கொடுத்தார். கத்தியிருக்கலாம் அவர். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், கணக்குச் சரியாகியிருக்கும். அவள் மீசையை இழுத்து இழுத்துச் சிரிக்க, நான் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

அதற்கப்புறம் வீட்டைச் சுற்றிச் சுற்றி வருகிறோம், நானும் அவளும். இது நிலை, இது கீல், இது சாவித்துவாரம். கீல் என்ற வார்த்தையே அமலனைக் கேட்டுத்தான் எனக்குத் தெரிந்தது, தாழ்ப்பாள் போய் நுழைகிற அந்த இடத்துக்கு என்ன பேர் என்று அவருக்கும் தெரியவில்லை. "ஓட்டைதான், வேற என்ன" என்றார். ஈவா நாள் முழுக்க ஓட்டை ஓட்டை என்று பாடினாள், மூக்கில் விரலைவிட்டு ஓட்டை, அப்பா பனியனில் ஓட்டை. சிரிக்காமல் இருக்க முடியவில்லை. ஆனால் தாழ்ப்பாளுக்குப் பக்கத்தில் போனால் மட்டும் கையைப் பின்னால் கட்டிக்கொள்கிறாள். "நீ பண்ணு" என்கிறாள். நானும் பண்ணுவதில்லை. துணி முடிச்சைக் காட்டி "தூங்குது" என்று பொய் சொல்லி வைத்திருக்கிறேன்.

இப்போது என்னதான் செய்வது? தாழ் போட்டால் வெளியிலிருந்து யாரும் வர முடியாது. யாரும் என்றால் யாருமே. குளியலறையில் நான் வழுக்கி விழுந்தால், மண்டையில் அடிபட்டால், தூக்கத்திலேயே நெஞ்சு நின்றுபோனால் — இருபத்தாறு வயதில் யாருக்கு நிற்கிறது என்பார் அமலன், நிற்கிறது, பேப்பரில் வருகிறது — அவள் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருப்பாள். போடாவிட்டால் படியில் ஏறுகிற அது உள்ளே வரும். போட்டால் இது, போடாவிட்டால் அது. ஒரு தாழ்ப்பாளை வைத்துக்கொண்டு எவளாவது இப்படி மாரடிப்பாளா? மெழுகுவர்த்தி வேறு ஒரு பக்கமாக ஒழுகித் தட்டில் ஒட்டிக்கொள்கிறது. கொசு. எழுந்திரு ஜெஸி. எழுந்திருக்கிறேன். கால் எழவில்லை. டொக்.

"யார்ரா அவன்?"

ஈவா. பாயில் உட்கார்ந்திருக்கிறாள், தலையெல்லாம் கலைந்து, கண்ணைக் கசக்கிக்கொண்டு. கீழ்வீட்டிலிருந்து பொறுக்கிக்கொண்டு வந்த தமிழ், மூன்று வாரத்துக்குள் இதுதான் முதலில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. உஷ் என்றேன். "உஷ் இல்ல. யார்ரா அவன்னு கேளு." குரலை இறக்கத் தெரியாது இவளுக்கு, கதவைத் தாண்டி மாடிப்படி முழுக்கக் கேட்டிருக்கும். கேட்டுவிட்டது. வெளியே சத்தம் நின்றது. அப்புறம் கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, மூச்சு வாங்க, "அவன் இல்லடி, அவ" என்று ஒரு குரல்.

நாற்காலியை இழுத்தேன், கேன் கவிழ்ந்து பாதித் தண்ணீர் காலில், ஹெல்மெட் உருண்டு பாயில், கதவைத் திறந்தேன். அரசி அக்கா இரும்பு மடக்குக் கட்டிலைச் சுவரில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், டார்ச் லைட்டை மறுபடி வாயில் கவ்விக்கொண்டு. எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒரே நேரத்தில் வந்தன, ஆத்திரம்தான் முதலில் வாய்க்கு வந்தது. "என்னக்கா இது, உயிரே போய்டுச்சு. ஒரு வார்த்தை சொல்லிட்டு வரக் கூடாதா?"

டார்ச்சை வாயிலிருந்து எடுத்தாள். "மொட்டமாடிக்குப் போறதுக்கு இங்கிலீஷ் மேடத்துகிட்ட பர்மிஷன் லெட்டர் தரணுமா? உள்ள படுத்தா ஆவியில வெந்து போவுது. பாதி ஏறினப்புறம் கொசுவத்திய மறந்துட்டேன், திரும்பக் கீழ போனேன். நீ என்னா நெனச்ச, பேயின்னா?"

"திருடன்னு நினைச்சேன்."

"திருடன் கட்டிலோடயா வருவான்? படுத்துத் தூங்கிட்டுத் திருடுறதுக்கா?" அவள் சிரித்த சிரிப்பில் கட்டில் ஒரு படி வழுக்கியது. ஈவாவும் சேர்ந்து சிரித்தாள், என்ன புரிந்ததோ. கட்டிலின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன், மாடிக்கதவு வரை தூக்கிக்கொடுத்தேன், ஈவா என் நைட்டியைப் பிடித்துக்கொண்டே ஏறினாள். அவள் வீட்டுக்காரருக்கு ராத்திரி தண்டவாள ரோந்து, அவளும் தனிதான். "நீயும் வந்து படேன், காத்து நல்லா வருது" என்றாள். மாடியில் கைப்பிடிச் சுவர் என் முழங்காலுக்கு மேல் கொஞ்சம்தான், ஈவாவை வைத்துக்கொண்டு அங்கே நான் கண்ணைக்கூட மூட முடியாது. வேண்டாம் என்றேன். திரும்பினேன். இரண்டு படி இறங்கினேன். நின்றேன்.

ஒன்று சொல்ல வேண்டும். எத்தனை பரீட்சை எழுதியிருக்கிறேன், தெரியாத கேள்விக்குக்கூட ஏதாவது எழுதி நிரப்புவேன், எனக்குத் தெரியாது என்று ஒரு நாளும் எழுதியதில்லை. இவளிடமா சொல்வது, கொயந்தைக்குத் தமிழ் புரியாதா என்று கேட்ட இவளிடம், நாளைக்குக் குழாயடியில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். சிரிக்கட்டும். சிரித்தால் என்ன ஆகிவிடும்? இதைவிடப் பெரியதாக ஏற்கெனவே ஆகிவிட்டது, இத்தனை பேர் பார்க்க, நகத்தில் மரச்சிராயோடு. "அக்கா, நான் உள்ள தாழ் போடப் போறேன்."

"போடு. அதுக்கு என்னா?"

"எனக்குப் பயமா இருக்கு. எனக்கு ஏதாவது ஆயிட்டா இவளுக்குத் திறக்கத் தெரியாது. காலைல பால் பாக்கெட்டு வந்தும் நான் கதவு திறக்கலன்னா..."

"கடப்பாரையத் தூக்கினு வரணும், அதானே?" டார்ச் வெளிச்சத்தில் அவள் முகம் தெரியவில்லை, சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. "அந்தாளு ஒரு கதவ ஒடச்சதுக்கே ஊரெல்லாம் சொல்லினு திரியுது. இந்தத் தடவ நான் ஒடைக்கிறேன், எனக்கும் கொஞ்சம் பேர் வரட்டும்." கட்டிலை விரித்தாள், கிறீச்சென்றது. பிறகு, கொசுவத்தியைக் கொளுத்துகிற மாதிரி குனிந்துகொண்டே சொன்னாள். "நீயும் எனக்கு ஒண்ணு பண்ணு. பொழுது விடிஞ்சு நான் எறங்கி வரலன்னா மேல வந்து பாரு. சக்கரை மாத்திரை போட்டுனு படுக்கிறேன். போன மாசம் காலைல எந்திரிக்கவே முடியல, கண்ணு தெரியுது, கை வரல. அந்தாளுகிட்ட சொல்லல." இவளுமா? எத்தனை ராத்திரி என் காலுக்குக் கீழே, ஒரே ஒரு தளத்துக்குக் கீழே, இவளும் இதே கணக்கைப் போட்டுக்கொண்டு படுத்திருந்திருக்கிறாள்? "வரேன்க்கா" என்றேன். "சர்க்கரை குறைஞ்சா வாயில போட ஏதாவது பக்கத்துல வச்சிருக்கீங்களா?" "ரெண்டு மிட்டாய் கீது. போ, கொயந்த தூக்கத்தோட நிக்கிது."

வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தினேன். மெழுகுவர்த்தியைத் தரையில் வைத்துக்கொண்டு முடிச்சை அவிழ்க்க உட்கார்ந்தேன். அவிழவில்லை. நான் போட்ட முடிச்சு, ஒன்றின்மேல் ஒன்றாக, எந்தப் பைத்தியம் இப்படிக் கட்டும்? பல்லால் கடித்தேன், துணியில் கிரீஸ் வாடை. ஈவா பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்து, "எழுந்துச்சா? எழுந்துச்சா?" என்கிறாள். கடைசியில் காய் நறுக்குகிற கத்தியை எடுத்து அறுத்தேன். "எழுந்துருச்சு" என்றேன். அவள் அதைப் பார்த்தாள். கை பின்னால் போனது. "நீ பண்ணு."

பண்ணினேன். தூக்கி, தள்ளினேன். உள்ளே போனது. உடனே இழுத்துத் திறந்துவிட்டேன். மறுபடி தள்ளினேன், மறுபடி திறந்தேன், மூன்றாம் தடவை தள்ளி அப்படியே விட்டேன். வெட்கமாக இருந்தது, இவள் முன்னால், ஆனால் வேறு யார் முன்னால் கற்றுக்கொள்வது? "அம்மாவுக்கும் பயம்டி" என்றேன். இதை இவளிடம் நான் எந்தப் பாஷையிலும் சொன்னதில்லை. என் முகத்தை உற்றுப் பார்த்தாள், மெழுகுவர்த்தியையும் பார்த்தாள், பிறகு பின்னாலிருந்து ஒரு கை மட்டும் வந்தது. ஒரு விரல். தொட்டது, சில்லென்றிருந்ததோ என்னவோ எடுத்துக்கொண்டது. மறுபடி வந்தது, இந்தத் தடவை ஐந்து விரல். "தூக்கு" என்றாள், எனக்கா அவளுக்கா தெரியவில்லை. தூக்கினாள். "இழு." பாதி வந்து சிக்கிக்கொண்டது. என் கை தானாக நீண்டது, அதை மடியில் பிடித்து வைத்துக்கொண்டேன், அவ்வளவு கஷ்டமான வேலையை நான் செய்ததே இல்லை. அவள் இரண்டு கையாலும் தொங்கி இழுத்தாள். வந்தது. கதவு ஒரு விரற்கடை திறந்து காற்று உள்ளே வந்து மெழுகுவர்த்தி ஆடியது. என் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள், கைதட்டலுக்குக் காத்திருக்கிறாள். தட்டவில்லை. இழுத்து மடியில் போட்டுக்கொண்டேன், கழுத்து வேர்வையெல்லாம் என் கன்னத்தில். பிறகு அவள் அதை விட்டால்தானே. மறுபடி, மறுபடி. தள்ளு, தூக்கு, இழு, க்ளக், க்ளக், ஒரு தடவை வராமல் போய் அழப் பார்த்தாள், அடுத்த தடவை வந்தது, அதற்கடுத்த தடவை வரவில்லை. நாளைக்கும் வராமல் போகலாம். நாளைக்கும் உட்காருவோம். மேலேயிருந்து ஒரு குரல், "என்னா உள்ள, ஆசாரி வேலையா பண்ற? மனுஷி தூங்க வேணாமா?"

"முடிஞ்சிருச்சுக்கா" என்று கத்தினேன். ஈவாவும் கத்தினாள், "முடிஞ்சிச்சுக்கா." அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன், கதவைத் தோளால் அழுத்திச் சாத்தினேன். ஒட்டுப் பலகை முனகியது. கையை வைத்துத் தாழ்ப்பாளைத் தள்ளினேன், க்ளக்கென்று அது கடைசிவரை உள்ளே போனது.